தலைகீழாகக் கிடந்த பயோடேட்டா

கமா சாரின் ரத்தம் காய்ந்து கறுத்துப் போயிருந்தது. மேஜையில் வழிந்து, கீபோர்டின் இடுக்குகளில் புகுந்து, பொத்தான்களை ஒன்றோடொன்று ஒட்டிவிட்டிருந்தது. புத்தகம் தைக்கிற பெரிய இரும்பு ஸ்டேப்ளரால் பின்மண்டையில் அடித்திருந்தார்கள். ஒரு அடியோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னாராம். அடித்தவனுக்கு விட மனசு வரவில்லை.

"அண்ணி, இந்த ரூம்ல மூணாவதா ஒரு ஆள் மூச்சு விடுற மாதிரி இருக்கு," என்றான் கொழுந்தன்.

"ஃபேன்."

"அதானே. நான் பயந்துட்டேன்னு நீங்க நினைச்சிடக் கூடாதுல்ல, அதுக்குத்தான் கேட்டேன்."

துப்பறிவது அவள் தொழில். அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். ஆனால் கூடவே அலையும் கணவனின் தம்பி எந்நேரமும் ‘அண்ணி, அண்ணி’ என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, தெரு, போலீஸ் ஸ்டேஷன், ஏன், அவள் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்த திருடர்கள்கூட அப்படியே கூப்பிடப் பழகிவிட்டார்கள். கணவனுக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதியைக் கடலில் கழிக்கிறார் என்பது அவள் கணக்கு. மீதிப் பாதியையும் அங்கேதான் கழிக்கிறார் என்பது தெருவின் கணக்கு. நமக்கெதற்கு அந்த வம்பு. கொழுந்தனைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், போன வேலையிலெல்லாம் வாயால் கெட்டவன். கடைசியாக ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்கார்ந்து, வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தவர்களிடம் ஜோக் சொல்லித் துரத்தப்பட்டான்.

செத்துப்போனவர் பயோடேட்டா எழுதிக் கொடுப்பவர். மாடியில் ஒரு ரூம், ஒரு கம்ப்யூட்டர், நீளக் கைப்பிடி வைத்த பேப்பர் கட்டர், பின்பக்கம் பேப்பர் கட்டுகள் அடுக்கிய ஒரு சின்ன அறை. இவ்வளவுதான் அவர் ராஜ்ஜியம். ஆனால் அதற்குள் அவர் வைத்ததே சட்டம். ‘நான்’ என்ற சொல் பயோடேட்டாவில் எங்கேயும் தலைகாட்டக் கூடாது. "உன் பேர்தான் மேல கொட்டை எழுத்துல இருக்கே, அப்புறம் எதுக்கு வரிக்கு வரி மார்ல தட்டிக்கிற?" என்பார். விட்ட வேலைக்கு இறந்தகாலம், பார்க்கிற வேலைக்கு நிகழ்காலம். வரிசை போட்டு எழுதும் வேலைகளின் கடைசியில் முற்றுப்புள்ளி கிடையாது. வைத்தால் எல்லாவற்றுக்கும் வை, இல்லையென்றால் ஒன்றுக்கும் வைக்காதே. ஆச்சரியக்குறியோடு வந்த ஒரு பட்டதாரியை, "உன் திறமையைப் பார்த்து நீயே ஆச்சரியப்பட்டுட்டா கம்பெனிக்காரன் எதுக்குப்பா ஆச்சரியப்படணும்?" என்று கேட்டுப் படியிறங்க வைத்தார். கமா என்ற பெயர் சும்மா வரவில்லை.

மாடிப்படியில் அவர் மகள் உட்கார்ந்திருந்தாள். நிறைமாதம். ரூமுக்குள் காலெடுத்து வைக்க மாட்டேன் என்றுவிட்டாள். அவள் புருஷன் ஸ்டேஷனில் இருந்தான். மாமனாரைக் கொன்றதாக ஒப்புக்கொள்ளச் சொல்லி முந்தாநாளிலிருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டேஷனின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் சலூன்காரர், சத்தம் தாங்காமல் ரேடியோவைப் பெரிதாக வைத்துவிட்டு முடி வெட்டினாராம்.

அவள் அண்ணியிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அவரை வெளியே கொண்டு வாங்கன்னு நான் கேட்கலை. அவர்தான் செஞ்சாரா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க. எங்க அப்பாவை அடிச்ச கையில என் பிள்ளையைக் குடுக்க முடியாது."

கேட்ட தெரு வாயைப் பொத்திக்கொண்டது. பொத்திய கைக்குப் பின்னால் பேசியது வேறு விஷயம்.

இன்ஸ்பெக்டர் பக்கம் கேஸ் இரும்பு மாதிரி இருந்தது. மருமகன் ஏ.சி. மெக்கானிக். வேலை போய் வீட்டில் இருந்தவன். எட்டு மாசம் பார்த்த வேலையை ரெண்டு வருஷம் என்று எழுதச் சொல்லி அன்று காலையில் மாமனாரிடம் சண்டை போட்டு, முன்கதவுக் கண்ணாடியைக் கையால் குத்தி உடைத்து, ரத்தம் சொட்டச் சொட்ட இறங்கிப் போனான். மதியத்துக்கு மேல், "கொலைகாரா! கொலைகாரா!" என்று கமா சார் தொண்டை கிழியக் கத்தியது தெருமுனை வரைக்கும் கேட்டது. அடுத்தது சாட்சி. எதிர் ரூமில் ஆள் எடுக்கும் ஆபீஸ் வைத்திருக்கும் ஏஜென்ட், மருமகன் திரும்ப வந்து மாமனாரின் எதிரில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறார். பிணத்தை முதலில் பார்த்ததும் அவர்தான். தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கி ஓடியவரும் அவர்தான். சட்டை முழுக்க ரத்தம். அதைப் பார்த்து அழாத பெண் தெருவில் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, மேஜையில் ரத்தத்துக்கு நடுவே கிடந்த ஒரே காகிதம் மருமகனின் பயோடேட்டா.

போலீஸ் எடுத்த அந்த மேஜைப் படம் கொழுந்தனின் போனில் இருந்தது. இன்ஸ்பெக்டர் மேஜையில் பார்த்து, அவர் தும்மும் நேரத்தில் எடுத்துக்கொண்டான். அவன் போய் எதிர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"அண்ணி, பேப்பர் இந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கு. கமா சார் உட்கார்ந்த பக்கத்துல இருந்து பார்த்தா தலைகீழ். அப்போ படிச்சவன் இந்த நாற்காலியில இருந்தவன். இன்ஸ்பெக்டர் சொல்றது சரி. அவர் வாழ்க்கையில இது முதல் தடவை, ஏதாவது வாங்கிக் குடுக்கணும்."

"நீ இங்க பயோடேட்டா எழுத வந்தியே, அப்ப இந்த நாற்காலியிலதான் உட்கார்ந்து படிச்சியா?"

"உட்கார்றதா? நல்லா கேட்டீங்க. பேர் சொல்லும்போது உட்காரலாம், எந்த ஊர்ல படிச்சன்னு சொல்லும்போது உட்காரலாம். அவர் பிரின்ட் எடுத்துக் கையில குடுத்துட்டா எழுந்து நிக்கணும். நின்னுகிட்டு சத்தமாப் படிக்கணும். உட்கார்ந்து படிச்சா மூச்சு மடங்கிடுமாம், கமா எங்க விழணும்னு அவருக்குத் தெரியாதாம். நான் மூணாவது வரியில மூச்சு வாங்கினேன். இதுல கமா இல்லடா, உனக்குத்தான் ஏதோ வியாதின்னுட்டார்."

"எல்லாரையும் நிக்க வைப்பாரா?"

"பேங்க் மேனேஜர் ஒருத்தரை நிக்க வச்சதை நானே பார்த்தேன். பள்ளிக்கூடத்துல செய்யுள் ஒப்பிக்கிற மாதிரி கையைக் கட்டிகிட்டுப் படிச்சார், பாவம்."

அண்ணி குப்பைக் கூடையைக் காலால் இழுத்துக் கவிழ்த்தாள். திருத்திக் கசக்கிய காகிதங்கள். ஒவ்வொன்றாக நீவி மேஜையின் சுத்தமான மூலையில் பரப்பினாள். எல்லாவற்றிலும் சிவப்புப் பேனா. கமாவுக்கு ஒரு வட்டம், புள்ளிக்கு ஒரு வட்டம், பக்கத்தில் சரி என்று ஒரு டிக்.

"இந்த டிக்கைப் பாரு."

கொழுந்தன் குனிந்தான். "ஒழுங்கா போடத் தெரியாதா அவருக்கு? வீட்டுக் கூரை மாதிரி இருக்கு."

அண்ணி காகிதத்தை அப்படியே சுற்றித் திருப்பினாள். கூரைகளெல்லாம் அழகான டிக்குகளாக நிமிர்ந்துகொண்டன. இப்போது எழுத்துகள்தான் தலைகீழாக நின்றன.

"அட!" என்றான் அவன். "இது ஆச்சரியக்குறி. மன்னிச்சுக்குங்க கமா சார்."

"அம்மாடி," என்று அண்ணி வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "உங்க அப்பா பேப்பரைத் தலைகீழா வச்சுத் திருத்துவாரா?"

மகள் கைப்பிடியைப் பிடித்து எழுந்து வாசல் வரை வந்தாள். உடைந்த கண்ணாடிக்கு வெளிப்பக்கமே நின்றுகொண்டாள்.

"கடைசிப் பார்வைக்கு மட்டும். எழுத்து புரிஞ்சா கண்ணு தானாவே இட்டு நிரப்பிக்கும், தலைகீழா வச்சா வார்த்தை மறைஞ்சிடும், புள்ளியும் கமாவும் மட்டும் எறும்பு மாதிரி தெரியும்பார். அந்த நேரத்துல யாரும் உள்ள போகக் கூடாது. கதவைச் சாத்திப்பார், கண்ணாடிக்கு உள்பக்கம் தட்டியை இழுத்து விட்டுடுவார். எனக்குக் கல்யாணம் பேச வந்தவங்களையே படியில காக்க வச்சவர்."

"அது வாடிக்கைக்காரங்களுக்குத் தெரியுமா?"

"எப்படித் தெரியும்? முடிச்சப்புறம் சுத்தமா வேற பிரின்ட் எடுத்துத்தானே குடுப்பார். எனக்கும் அம்மாவுக்கும்தான் தெரியும். அம்மா போயிட்டாங்க. ஏன் கேட்கிறீங்க?"

அண்ணி போனை நீட்டினாள். அப்பாவின் ரத்தம் படிந்த மேஜையை அவள் அதுவரை பார்த்ததில்லை. பார்த்தாள். கண்ணை மூடித் திறந்து, காகிதத்தை மட்டும் பார்த்தாள்.

"தலைகீழா இருக்கு," என்றாள் மெதுவாக. "அப்பா பக்கத்துல இருந்து தலைகீழா. அப்போ அவர்... தனியா இருந்திருக்கார்."

"தனியா. கதவு சாத்தி, தட்டி இழுத்து. எதிர் நாற்காலி காலி."

"அப்போ எங்க வீட்டுக்காரர் வரலையா?"

"அவசரப்படாதே. எதிர்ல உட்காரலைன்னுதான் ஆகியிருக்கு. பின்பக்கமா வந்து அடிக்கலைன்னு இன்னும் ஆகலை."

மகளின் முகத்தில் வந்தது வந்த வழியே திரும்பிப் போனது. அண்ணியிடம் இது ஒரு கெட்ட பழக்கம். பாதி நல்ல செய்தியை நல்ல செய்தி என்று சொல்ல மாட்டாள்.

பின் அறைக்குள் போய்ப் பார்த்தாள். பேப்பர் கட்டுகள் அடுக்கிய இரும்பு ராக்கு. ஒரு கால் துருப்பிடித்து ஒடிந்துபோய், செங்கல் முட்டுக் கொடுத்து நின்றது. அதை ஒட்டிப் பின்கதவு. கதவைத் திறந்தால் மாடியைச் சுற்றிப் போகும் சின்ன நடை, பொதுவான குளியலறை, அப்புறம் இன்னொரு கதவு. அது ஏஜென்ட் ஆபீஸின் பின்கதவு.

"போய் அவரைக் கூட்டிட்டு வா," என்றாள் கொழுந்தனிடம். "மரியாதையா."

"எனக்கு வேற விதமா கூப்பிடத் தெரியாதே அண்ணி."

*

ஏஜென்ட் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, அடக்கமான குரல், யாரைப் பார்த்தாலும் கண்ணோரம் கொஞ்சம் ஈரம். வெளியூர்களுக்குக் கட்டட வேலைக்கு ஆள் அனுப்புபவர். தெருவில் பாதி வீட்டில் அவர் அனுப்பிய ஆள் உண்டு. வாசலில் நின்ற மகளின் தலையைத் தடவினார்.

"இந்த நிலைமையில எதுக்கும்மா தங்கச்சி இங்க வந்து நிக்கிறே? வீட்டுக்குப் போ. அண்ணன் நான் பார்த்துக்க மாட்டேனா?"

அவள் போய்ப் பின் அறையில் ஒரு பேப்பர் கட்டின் மேல் உட்கார்ந்துகொண்டாள். அப்பாவின் அறைக்குள் வந்துவிட்டோம் என்பதையே கவனித்தாளா தெரியவில்லை.

"ஒண்ணுமில்ல சார்," என்றாள் அண்ணி. "நீங்க பார்த்ததை ஒரு தடவை நடிச்சுக் காட்டினா எனக்கு வேலை முடிஞ்சுது. இவனைக் கமா சார்னு வச்சுக்குங்க."

கொழுந்தன் ரத்தம் படாத இடமாகப் பார்த்துக் கமா சாரின் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தான். "எனக்குச் செத்த வேஷம்தான் கிடைக்கும் எப்பவும்."

ஏஜென்ட் பெருமூச்சு விட்டு எதிர் நாற்காலியில் அமர்ந்தார். அண்ணி ஒரு வெள்ளைக் காகிதத்தை நீட்டினாள். அவர் அதை மேஜையில் தன் பக்கமாகத் திருப்பி வைத்து, மேல் வரியில் விரலை ஊன்றினார்.

"இப்படித்தான் மேடம். மருமகன் இங்க உட்கார்ந்து, இப்படி விரல் வச்சுப் படிச்சுட்டிருந்தான். கமா சார் கேட்டுட்டிருந்தார். நான் என் ஆபீஸ் வாசல்ல இருந்து பார்த்தேன்."

"உட்கார்ந்தா படிச்சாரு?"

"உட்கார்ந்துதான்."

"பேப்பர் அவர் கையில இருந்துதா, மேஜையிலயா?"

"மேஜையில. அவன் பக்கம் திரும்பி இருந்துது. பளிச்சுன்னு ஞாபகம் இருக்கு."

"கதவு?"

"திறந்துதான் இருந்துது. மூடியிருந்தா எப்படிப் பார்ப்பேன்?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அதைத்தான் நானும் கேட்கிறேன்," என்றாள் அண்ணி.

சிரிப்பு உதட்டிலேயே தங்கிவிட்டது.

"இங்க படிக்கிறவங்க யாரும் உட்கார்றதில்ல சார். மருமகனா இருந்தாலும் நிக்கணும். பேப்பர் கையில இருக்கும், மேஜையில இருக்காது. மேஜையில அது தலைகீழா கிடந்ததுக்குக் காரணம், கமா சாரே அப்படி வச்சுத்தான் கடைசியா திருத்துவார். கதவு சாத்தி, தட்டி இழுத்து, தனியா. நீங்க சொல்ற காட்சி நடக்கவே இல்ல. ஆனா மேஜையை மட்டும் பார்த்த ஒருத்தருக்கு அப்படி நடந்த மாதிரி தெரியும். ஒரு பேப்பரைப் பார்த்துட்டு, அதுக்கு ஒரு ஆளைச் சேர்த்துட்டீங்க."

"நான்தானே மேடம் பிணத்தை முதல்ல பார்த்தேன். அப்ப பேப்பர் கண்ணுல பட்டிருக்கலாம். பதட்டத்துல முன்னப் பின்ன குழம்பியிருக்கலாம்."

"குழம்பலாம். சாத்தின கதவைத் திறந்த கதவா பார்க்கிற அளவுக்கா? மருமகன் முகத்தையும் சேர்த்துப் பார்க்கிற அளவுக்கா?"

ஏஜென்ட் தலையைக் குனிந்துகொண்டார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று கொழுந்தன் நினைத்தானாம்.

மேஜையை இரண்டு காலாலும் உதைத்தார். அதன் விளிம்பு, கொழுந்தன் பக்கத்தில் நின்றிருந்த அண்ணியின் அடிவயிற்றில் மோதி அவளைச் சுவரோடு சேர்த்து அறைந்தது. மூச்சு வெளியே போனது, உள்ளே வரவில்லை. கொழுந்தன் மேஜை மேல் பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்தான். அது அவன் செய்த தப்பு. அனுப்புகிற ஆட்களோடு ஆளாக மூட்டை தூக்கி வளர்ந்த உடம்பு அது. ஒரு கையால் அவன் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து முகத்தைப் பேப்பர் கட்டரின் பலகையில் மோதினார். மூக்கு உடைந்த சத்தம் பின் அறைக்குக் கேட்டது. மறுபடியும் மோதினார். அவன் தடுக்க நீட்டிய இடது கை பலகையின் மேல் விழுந்தது. ஏஜென்ட் கைப்பிடியைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

சுண்டுவிரலின் நுனி, நகத்தோடு, தரையில் போய் விழுந்தது.

கொழுந்தன் கத்தவில்லை. விரலைப் பார்த்தான். அப்புறம்தான் கத்தினான்.

"ஒரு வரி!" என்று ஏஜென்ட்டும் கத்தினார். அடக்கமான குரலெல்லாம் போய்விட்டது. "கமா எழுதின பேப்பர்ல ஒரே ஒரு வரி சேர்த்தேன்டா! கிரேன்ல எடுபிடியா இருந்த பையனை ஓட்டுறவன்னு போட்டேன். உலகத்துல எவன் போடலை? அந்தப் பய சரக்கைத் தலைமேல இறக்குவான்னு நான் கண்டேனா? ரெண்டு பேர் செத்தா நான் கொன்னேனா? செத்தவன் வீட்டுக்காரங்க அந்தப் பேப்பரைக் கொண்டாந்து இந்த ஆள்கிட்ட காட்டினா, இவர் கண்டுபிடிச்சிட்டாராம், இந்த வரி என்னோடது இல்லைன்னு! ‘நான்’னு ஆரம்பிச்சிருக்காம், கடைசியில புள்ளி வச்சிருக்காம்! நடையில நின்னு, ஊரே கேட்க, என்னைப் பார்த்துக் கொலைகாரான்னு..."

மீதியைச் சொல்ல வாய் இருக்கவில்லை. அண்ணி மேஜை டிராயரை முழுசாக உருவி எடுத்து, பக்கவாட்டில் வீசி, அவர் முகத்தில் அடித்தாள். ஸ்டேப்ளர் பின்களும் பற்களும் சேர்ந்து சிதறின. இரண்டாம் முறை அடித்தாள். டிராயர் உடைந்தது. கையில் மிஞ்சிய பலகையின் கூரான முனையால் மூன்றாம் முறை. அவர் முட்டி மடங்கி விழுந்து, ரத்தத்தைத் துப்பிக்கொண்டே தவழ்ந்து, எழுந்து, பின் அறைக்குள் ஓடினார். பின்கதவு அவருக்குப் பழக்கமான வழிதானே.

பேப்பர் கட்டின் மேல் உட்கார்ந்திருந்த மகள் எழுந்து நின்றிருந்தாள். ராக்கின் ஓரத்தில்.

"அப்பா கத்தினது உன்னைப் பார்த்தா?" என்று கேட்டாள்.

"தள்ளும்மா!"

"உன்னைப் பார்த்தா?"

அவர் அவளைத் தோளால் இடித்துக் கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, காலால் அந்தச் செங்கலை உதைத்துத் தள்ளினாள்.

இரும்பு ராக்கு முதலில் முனகியது. அப்புறம் அத்தனை கட்டுகளும், இரும்போடு சேர்ந்து, அவர் முதுகில் இறங்கின. எதுவோ முறிந்தது. கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் தாழ்ப்பாளைத் தேடியது. அண்ணி வந்து அந்தக் கையின் மேல் செருப்புக் காலை ஊன்றி நின்றாள்.

"யார்கிட்டயாவது ஐஸ் இருக்கான்னு கேளுங்க அண்ணி," என்றான் கொழுந்தன் அந்த அறையிலிருந்து. உள்ளங்கையில் விரல் நுனியை ஏந்தியிருந்தான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "இதை ஒட்ட முடியுமான்னு பார்க்கணும். இல்லைன்னா இனிமே என் பயோடேட்டாவுல ‘ஒன்பதே முக்கால் விரல்’னு போடணும். ஒரு வரி சேர்க்கலாம், தப்பில்ல."

சொல்லி முடித்துவிட்டு மயங்கி விழுந்தான்.

*

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் சந்தோஷமாக இருந்தார்.

"வாங்க வாங்க. கொஞ்சம் லேட். நம்ம ஆள் ஒத்துக்கிட்டான். இதோ கையெழுத்தே போட்டாச்சு."

அண்ணி அந்த வாக்குமூலத்தை வாங்கிப் படித்தாள். கையெழுத்து என்று கீழே ஒரு கிறுக்கல் இருந்தது. நான் போனேன், நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன், நான் காகிதத்தை மேஜையில் வைத்துப் படித்தேன், நான் ஆத்திரப்பட்டேன். வரிக்கு வரி ‘நான்’. கமா சார் இருந்திருந்தால் இதைக் கிழித்து இன்ஸ்பெக்டர் தலையிலேயே போட்டிருப்பார்.

"உட்கார்ந்து படிச்சேன்னு மருமகன் சொன்னாரா, நீங்க சொல்லிக் குடுத்தீங்களா?"

"அவனேதான்..."

"நடக்காத ஒண்ணை அவரும் சொல்றார், உங்க சாட்சியும் சொல்றார், ஒரு எழுத்து மாறாம. உங்க சாட்சி இப்ப ஆஸ்பத்திரியில, தாடையில கட்டுப் போட்டிருக்காங்க. அவர் கத்தினதைக் கேட்க நாங்க மூணு பேர் இருந்தோம். அந்தக் கிரேன் பையனோட பயோடேட்டா அவர் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இருக்கு. போய்ப் பாருங்க. அதுவரைக்கும் இந்தப் பேப்பரை யார் கண்ணுலயும் காட்டாதீங்க சார், உங்க நல்லதுக்குச் சொல்றேன்."

இன்ஸ்பெக்டரின் சந்தோஷம் கால் வழியாக இறங்கித் தரையில் ஊறிவிட்டது. யாரோ யாருக்கோ போன் செய்தார்கள். யாரோ ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பொழுது சாயும் நேரத்துக்கு மருமகனை வெளியே கொண்டுவந்தார்கள்.

நடந்துதான் வந்தான். நடந்ததை நடை என்று சொல்ல முடியாது. ஒரு கண் மூடி வீங்கியிருந்தது. கீழுதடு பிளந்திருந்தது. இரண்டு கைகளிலும் விரல்கள் பழுத்துக் கறுத்து, ஒன்றோடொன்று சேராமல் விரிந்து நின்றன. ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடச் சொல்லி ஏட்டு பேனாவை நீட்டினார். பேனா கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தார். மறுபடியும் விழுந்தது.

"சரி, கைநாட்டு வச்சுக்கலாம்," என்றார் ஏட்டு.

"அதுக்குன்னு ஒரு விரலை விட்டு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள் மகள்.

இன்ஸ்பெக்டர் ரிஜிஸ்டரை மூடி உள்ளே தள்ளினார்.

மருமகன் அவளைப் பார்த்தான். அவள் தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். ஓடி வரவில்லை. அவன் வந்தபோது அவள் ஒரு அடி பின்னால்தான் போயிருந்தாள், அதை அவன் அந்த ஒற்றைக் கண்ணாலும் பார்த்துவிட்டான்.

"நீயும் நம்பிட்டியா?" என்று கேட்டான்.

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் யார் போய் விசாரிக்கப் போகிறார்கள்? அண்ணி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஆமா," என்றாள் மகள்.

அவன் தலையை ஆட்டினான். கோபமும் இல்லை, சமாதானமும் இல்லை. தண்ணி கேட்டான். ஏட்டு கொண்டுவந்த டம்ளரைப் பிடிக்க முடியாமல், அண்ணி பிடித்துக்கொள்ளக் குடித்தான். பாதி சட்டையில் வழிந்தது.

வாடகைக் காரில் கொழுந்தன் மூக்கிலும் விரலிலும் கட்டோடு உட்கார்ந்திருந்தான். மூன்று பேரும் ஏறும்போது, மருமகன் பின்கதவைத் தாண்டிப் போய் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். மகள் பின்னால், அண்ணிக்கும் கொழுந்தனுக்கும் நடுவில். வழியில் என்ன பேசினார்கள் என்று தெரு கொழுந்தனை ஒரு வாரம் துளைத்தது. ஒன்றுமே பேசவில்லை என்றான். அவனை நம்ப முடியாதுதான், ஆனால் அவன் ஜோக் எதுவும் சேர்க்காமல் சொன்னதால் உண்மையாக இருக்கலாம்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் முனையில் கார் ஒரு குழியில் இறங்கி ஏறியது. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஸ்..." என்றாள். மருமகன் திரும்பிப் பார்க்கவில்லை. சீட்டுக்கும் கதவுக்கும் இடையில் இருந்த சந்து வழியாகக் கையை மட்டும் பின்னால் நீட்டினான். அவள் சாய்ந்து, எட்டி, விரல்களைத் தொடாமல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.